பாரிஸ் விமானத்தின் கலியாணப் பாரம்

எங்கள் கம்பெனியில் பாரிசுக்கு டிக்கெட் எடுக்கப் போனால், விலைக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சின்ன லேபல் தெரியும். இந்தப் பயணத்தில் உங்கள் ஒருவருக்காக விமானம் எவ்வளவு கரிப்புகையைக் கக்கும் என்று அதில் ஒரு எண் போட்டிருக்கும். போடச்சொல்லி எந்தச் சட்டமும் எங்களை நெருக்கவில்லை. ஐரோப்பாவில் தொடங்கிய திட்டம் அது. விரும்பிய கம்பெனி சேரலாம், விரும்பாதது பேசாமல் இருக்கலாம். நாங்கள் சேர்ந்தோம். எப்படிச் சேர்ந்தீர்கள் என்று எங்கள் அலுவலகத்தில், கந்தோரில், யாரைக் கேட்டாலும் ஜெசிந்தா செய்த வேலை என்பார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், அந்தப் பெயர் இன்னும் என் காதை விட்டபாடில்லை.

எரிபொருள் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், ஓய்வு பெற்றவர்களுக்கு வைத்த விருந்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். லேபல் வந்த காலத்தில் நீங்கள்தானே மேசையில் மூத்தவர், நடந்ததை எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜெசிந்தாவில் பொறாமை. சும்மா ஒரு மனக்குறை என்று நினைக்கவேண்டாம், நல்ல வயிற்றெரிச்சல். அதை மூடி மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்த விதம் அந்தக் காலத்தில் வந்த மற்ற யாழ்ப்பாணத்துப் பெடியளின் விதம்தான், அதில் புதினம் இல்லை. முதல் குளிர்காலம் ஜான்-டலோன் சந்தையில் முட்டைக்கோவாப் பெட்டி இறக்கினேன். பிறகு விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை கிடைத்தது. விமானத்தின் வயிற்றுக்குள் முழங்காலில் நின்று பெட்டி அடுக்கிக்கொண்டே மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தேன், பரீட்சை எழுதினேன், புவாண்ட்-கிளேரில் இருக்கும் கந்தோரில் எரிபொருள் மேசைக்கு ஏறினேன். இதைச் சொல்ல ஒரு பந்தி போதும். பட்ட பாட்டை எல்லாம் எழுதினால் பிள்ளைகள் வாசிக்கமாட்டார்கள்.

பொதி ஏற்றிய காலத்தில் எனக்குக் கிடைத்த ஒன்றை மட்டும் விபரமாகச் சொல்லவேண்டும். கோடை தொடங்கினால் பாரிஸ் விமானத்தில் எங்கள் சனம் நிறையும். அங்கே ஒரு கலியாணம், சாமத்தியவீடு, கோயில் தேர் என்று ஏதாவது இருக்கும். கீழே போகும் பெட்டிக்கு நிறை அளவு உண்டு, தராசில் வைப்பார்கள். கையில் கொண்டுபோகும் பையை அப்போது ஒருவரும் நிறுப்பதில்லை. எங்கள் சனம் அந்தக் கைப்பைக்குள் உலகத்தையே அடைத்துவிடும். இடித்த மிளகாய்த்தூள், பயற்றம் பணியாரம், மாப்பிள்ளைக்குச் சட்டைத்துணி, கூறைச்சேலை, போதாக்குறைக்கு ஒரு குத்துவிளக்கு. மேலே இடம் இல்லாமல் வாசலில் பறித்துக் கீழே எங்களிடம் அனுப்புவார்கள். பார்த்தால் பள்ளிக்கூடப் பை மாதிரி இருக்கும், தூக்கினால் கல்லு. மற்ற ஊர்களுக்குப் போகும் விமானங்களில் இப்படி இல்லை. என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பெடியளுக்கு இது ஏன் என்று விளங்கவில்லை, எனக்கு விளங்கியது.

இனி எரிபொருள் மேசையில் நாங்கள் செய்வது என்ன என்று சொல்கிறேன். விமானம் புறப்பட முன்னர், எண்ணெய் இல்லாமல் அது எவ்வளவு நிறை இருக்கும் என்று ஒரு மதிப்புப் போடவேண்டும். ஆட்களைத் தராசில் ஏற்றமுடியாது. ஆளுக்கு இவ்வளவு, கைப்பைக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி இருக்கிறது. அதோடு கீழே போகும் பெட்டி, சரக்கு எல்லாவற்றையும் கூட்டுவோம். அந்த நிறையைச் சுமந்துகொண்டு போக எவ்வளவு எண்ணெய் வேண்டும், போன இடத்தில் இறங்க முடியாவிட்டால் பக்கத்து நிலையத்துக்குப் போக எவ்வளவு, வானத்தில் சுற்றிக்கொண்டு நிற்க எவ்வளவு, காற்று எதிர்த்தால் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். நிறையைக் கூட்டிப் போட்டால் எண்ணெய் கூட ஏறும். கூட ஏறிய எண்ணெயைச் சுமக்கவும் எண்ணெய் எரியும். தண்ணீர்க்கானைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனுக்குத் தாகம் கூட எடுப்பது போலத்தான் அது.

மேசைக்கு ஏறிய முதல் கோடையிலேயே பாரிஸ் விமானத்தின் கைப்பை நிறை பிழை என்று நான் சொன்னேன். சராசரியை நம்பவேண்டாம், நான் தூக்கிய கை, எனக்குத் தெரியும் என்றேன். அப்போது இருந்த மூத்தவர்கள் பாரிசுக்கு மட்டும் கைப்பைக்கு ஒரு கூடுதல் நிறை போட அனுமதித்தார்கள். அதற்கு நான் வைத்த பெயர் கலியாணப் பாரம். வெள்ளைக்காரரும் அதைப் பழகி, வாய் சுளுக்கச் சுளுக்க "கலியானா" என்று சொல்லுவார்கள். முதலில் கோடைக்கு மட்டும் போட்டோம். பிறகு மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கும் போட்டோம். போகப்போக ஒருவரும் எடுக்கவில்லை, வருடம் முழுக்க நின்றது. அந்தக் கந்தோரில் என் பெயர் எழுதாமல் என்னுடையதாக இருந்த ஒரே பொருள் அது. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று என் மனைவி மனோவைத்தான் கேட்கவேண்டும்.

எங்கள் தலைவர் முசியே ரெனே. அவரும் ஒரு காலத்தில் இதே மேசையில் இருந்தவர். நெடுத்த மனிதர், அவர் கதிரையில் உட்கார்ந்து நான் கண்டது குறைவு. எந்தத் தாளையும் யன்னலோரம் நின்றபடி, கீழிருந்து மேலாகத்தான் வாசிப்பார். முதலில் கடைசி எண், பிறகு அது எதிலிருந்து வந்தது, பிறகு அதற்கு மேல். வாசித்து முடிந்தால் ஒரே ஒரு கேள்வி. பதில் சரியென்றாலும் தாளைத் திருப்பித் தருவார், பிழையென்றாலும் தருவார், முகத்தில் ஒன்றும் தெரியாது. தெரிவது மொழியில். மனம் திருப்தியென்றால் பிரெஞ்சில் கதைப்பார். கோபமென்றால் நல்ல மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவர் காலையில் "குட் மோர்னிங்" என்று சொன்ன நாளில் மேசையில் ஒருவரும் கோப்பி குடிக்க எழும்பமாட்டோம்.

இன்னொரு குணமும் அவரிடம் இருந்தது. எரிபொருள் மேசையில் இருப்பவர் ஒருவர் பாதுகாப்புக்காக என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், அதற்குமேல் அவர் கேட்கமாட்டார். ஒருமுறை விளம்பரப் பகுதி மனிதர் ஒருவர் வந்து, இவ்வளவு எண்ணெய் எதற்கு என்று எங்களில் ஒருவரோடு வாக்குவாதப்பட்டார். ரெனே எழுந்து போய் அறைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் வெளியே போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த மனிதரிடம் நல்ல பெயர் எடுக்கத்தான் நான் இத்தனை வருடம் உழைத்தேன். அப்போதுதான் ஜெசிந்தா வந்தாள். மட்டக்களப்புக் கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதில் வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் வளர்ந்த பிள்ளை, பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. தரவு பார்க்கும் வேலைக்கு எடுத்திருந்தார்கள். நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிற இடத்தில் அவள் அண்ணன் என்பாள், பிறகு என்பதற்கு நாங்கள் பேந்து என்கிற இடத்தில் மறுகா என்பாள். வந்த முதல் கிழமையே, ஏழு நாள் முடிய முன்னமே, என் மேசைக்கு வந்து கலியாணப் பாரத்தைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தாள். தன்னுடைய அம்மாவும் பாரிசுக்கு உரல் கொண்டுபோனவவாம். எனக்கு அன்றைக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது.

பிடிக்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் கொடுத்த தாளை ரெனே யன்னலோரம் நின்று வாசித்தார். கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் இரண்டாவது கேள்வி கேட்டார். நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். என் முழு வேலைக்காலத்திலும் அந்த மனிதர் என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. அவள் ஏதோ சொல்ல, அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இருந்து, சிரித்தார். நான் என் கணினியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் கண்ணுக்குள் குத்தத் தொடங்கியது. அவளுக்கு யன்னலோர மேசை கொடுத்தது குத்தியது. அவள் நத்தாருக்குத் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் கொண்டுவந்தபோது முழுக் கந்தோரும் சுற்றி நின்று சாப்பிட்டது குத்தியது. மனோ அதை வீட்டில் வாயில் போட்டுவிட்டு, நல்ல பதம், கைராசிக்காரி என்றது எல்லாவற்றிலும் கூடக் குத்தியது. எண்ணெய் கூடிப்போச்சு என்றேன். மனோ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டாவது துண்டை எடுத்தாள்.

இந்த நிலையில்தான் லேபல் கதை வந்தது. சேர்வதென்றால் ஒவ்வொரு பாதையிலும் போன பருவத்தில் உண்மையாக எரித்த எண்ணெய், உண்மையாக ஏறிய ஆட்கள், சரக்கு எல்லாவற்றையும் கொடுக்கவேண்டும். ஐரோப்பாவிலிருந்து கணக்காய்வாளர்கள் வந்து கிளறிப் பார்ப்பார்கள். பிறகுதான் எண். சேர்ந்தால் எங்கள் கந்தோரில் அதற்கென்று ஒரு தனி மேசை, அதற்கு ஒரு பொறுப்பாளர். அந்தப் பதவி எனக்கென்றே செய்தது என்று நினைத்தேன். எண்ணெய் என் தொழில், பாரிஸ் என் பாதை, ஓய்வுக்கு முன்னர் பதவி என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஒன்று வேண்டும். கூட்டம் நடந்த அன்று மனோ இஸ்திரி போட்டு மினுக்கித் தந்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

தரவுகளை ஜெசிந்தா திரட்டுவாள், கம்பெனி சேர முடிவெடுத்தால் அந்த மேசைக்கும் அவளே பொறுப்பு என்று ரெனே சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் கவனிப்பார்கள் என்று கொஞ்சம் பலமாகவே தட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ட்டைக் கழற்றி எறிந்தேன்.

"அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சதுக்கு நீங்கள் ஏனப்பா முகத்தை நீட்டிறியள்?" என்று மனோ கேட்டாள்.

"நான் எங்க நீட்டினனான்?"

"கண்ணாடியில பாருங்கோ. பொறாமை எண்டால் பொறாமை எண்டு சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன். சாப்பாட்டில காட்டாதேங்கோ."

ஓம், பொறாமைதான் என்றேன். சொன்னதால் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் அதை ஒளிக்கிற வேலை மிச்சம்.

தரவு சேரச் சேர ஒரு சிக்கல் வெளியே வந்தது. எங்களுக்கு லிஸ்பனுக்கும் ஒரு பாதை இருக்கிறது. அதே வகை விமானம், அதே அளவு கூட்டம். தூரத்துக்குத் தக்கபடி பார்த்தால் ஆளுக்கு விழுகிற புகை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். பாரிஸ் கூடிப்போய் நின்றது. விளம்பரப் பகுதி ஆட்கள் முகம் சுளித்தார்கள். எங்களுடைய பெரிய பாதையே பாரிஸ், அதில் பெரிய எண்ணைப் போட்டு நாங்களாகவே ஏன் ஊருக்குக் காட்டவேண்டும், ஒருவரும் கேட்கவில்லையே, சேராமல் விடுவோம் என்றார்கள்.

ரெனே தாளைக் கீழிருந்து வாசித்துக்கொண்டு மேலே வந்தார். வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். பாரிஸ் விமானத்துக்கு நாங்கள் போட்ட நிறைக்கும் லிஸ்பனுக்குப் போட்ட நிறைக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அது. இது என்ன என்று என்னைக் கேட்டார். நான் கலியாணப் பாரத்தை விளக்கினேன். என் சனத்தை எனக்குத் தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமையில் முடிவெடுக்கும் கூட்டம், அதில் பேசுவோம் என்றார். பிரெஞ்சில்தான் சொன்னார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அந்த இரண்டு கிழமைக்குள், புறப்பாட்டு வாசலில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். உங்கள் கந்தோர்ப் பிள்ளை ஒன்று வாசலில் தராசு வைத்துக்கொண்டு, பாரிஸ் போகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கைப்பையை நிறுக்கிறது என்றார். என் கணக்கைச் சோதிக்க இவள் யார்? பதவியைப் பிடுங்கியது போதாதென்று, இருக்கிற ஒன்றையும் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவளுக்கு முன்னால் போய் இருந்தேன்.

"என்ர கணக்குப் பிழை எண்டு காட்டத்தான் தராசு தூக்கிக்கொண்டு திரியிறீரோ?" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி எண்டு காட்டத்தான் போனன் அண்ணன்," என்றாள். "விளம்பர ஆக்கள் இது ஒரு கிழவன்ட ஊகம் எண்டாங்க. எனக்குக் கோவம் வந்திற்று. பாலன் அண்ணன் அந்தப் பைகளைத் தூக்கின மனிசன், அவர் சொன்னாப் பிழைக்காது, நான் நிறுத்துக் காட்டுறன் எண்டு சொல்லிற்றுப் போனன்."

"நிறுத்துப் பாத்தீரோ?"

"நிறுத்துப் பாத்தன்."

அவள் போனில் இரண்டு வாசல் கணக்கையும் திறந்து என் பக்கம் திருப்பினாள். எனக்கு விளங்கிவிட்டது. பைகள் பாரம் இல்லை. லிஸ்பன் போகிறவர்களின் பையும் பாரிஸ் போகிறவர்களின் பையும் ஒரே நிறையாகத்தான் இருந்தன.

ரெனேயிடம் இன்னும் கொடுக்கவில்லை, முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன் என்றாள். தனக்கு அந்த லேபல் மேசை வேண்டும் என்றும், அதை மறைக்கமாட்டேன் என்றும் சொன்னாள். ஆனால் எரிபொருள் மேசையில் மூத்தவர் நீங்கள். அந்தப் பாரம் பாதுகாப்புக்காக நிற்கத்தான் வேண்டும் என்று நீங்கள் சொன்னால், தராசுக் கணக்கை வெளியே எடுக்கவேமாட்டேன் என்றாள். நான் எழும்பினேன். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! ஆசையை இவ்வளவு நேராகச் சொல்கிறவளைத் திட்டவும் வாய் வரவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

அவள் தராசை நான் நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்பதே சரி. சனிக்கிழமை நானே விமான நிலையத்துக்குப் போய் பாரிஸ் வாசலில் நின்றேன். எங்கள் சனத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். பாரமான பை ஒன்று, ஒன்றே ஒன்று கண்ணில் பட்டால் போதும் என்று ஏங்கிக்கொண்டு நின்றேன். வந்தார்கள், எங்கள் சனம்தான். ஆனால் கையில் பை என்று பார்த்தால் போன் போடுகிற அளவு ஒன்று, இல்லாவிட்டால் முதுகில் சூம்பிப்போன ஒன்று. கலியாணத்துக்குப் போகிற மாதிரி இருந்த ஒரு பெண்ணிடம் போய்க் கதை கொடுத்தேன்.

"கலியாணவீட்டுக்கோ தங்கச்சி? ஒண்டும் கொண்டு போகேல்லையோ?"

"பாரிசில இல்லாத சாமானையோ அண்ணை நான் இஞ்ச இருந்து காவப்போறன்?" என்றாள் அவள். "மிளகாய்த்தூள் அங்கத்தையான்தான் திறம். கூறையும் அங்கதான் எடுக்கினம். நாங்கள் திரும்பி வரேக்கதான் பை நிறையும்."

அந்த நேரத்தில் வயதான ஒரு தம்பதி வந்தார்கள். அந்த ஐயாவின் தோளில், அப்பாடா, உப்பிப்போன பெரிய பை ஒன்று! என் மனம் துள்ளியது. ஐயா, தாருங்கோ, நான் பிடிக்கிறன் என்று ஓடிப்போய் வாங்கினேன். வாங்கிய கை மேலே போய்விட்டது. உள்ளே கழுத்துக்கு வைக்கிற தலையணை, ஒரு போர்வை, மனிசிக்குக் குளிராமல் இருக்க ஒரு சுவெட்டர். ஐயா என்னை வாழ்த்திக்கொண்டு திருப்பி வாங்கினார். என் கை பொய் சொல்லாது. அவள் தராசை ஏற்காவிட்டாலும் என் கையை நான் ஏற்கத்தானே வேண்டும். பார்க்கிங்கில் காருக்குள் கனநேரம் இருந்தேன்.

அந்த இருப்பில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கூட்டத்தில் ரெனே கேட்கும்போது நான் பாதுகாப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். கலியாணப் பாரம் இருந்த இடத்தில் இருக்கும். பாரிஸ் எண் வருடா வருடம் பெரிதாகவே நிற்கும். பெரிய எண்ணோடு விளம்பரப் பகுதி சேரவிடாது. லேபல் இல்லை, லேபல் மேசை இல்லை, ஜெசிந்தா பொறுப்பாளர் இல்லை. அவளே வாய் திறக்கமாட்டேன் என்று வாக்குத் தந்திருக்கிறாள். ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும், ஒருவராலும் என்னைப் பிழை சொல்லமுடியாது. சொல்லுவது என்று முடிவெடுத்துத்தான் காரை எடுத்தேன். அன்று மத்தியானம் மனோ ஆக்கிய நண்டுக்கறியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அந்தப் பாரத்தை எடுத்தால் ஆபத்து இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து நிலையத்துக்கான எண்ணெய், சுற்றி நிற்பதற்கான எண்ணெய், காற்றுக்கான எண்ணெய் எல்லாம் அதற்குப் புறம்பாக இருக்கின்றன. விமானி விரும்பினால் கூடக் கேட்கலாம். இது எங்கள் மேசையில் இருக்கிற எவருக்கும் தெரிந்த பாடம். அதைத் தெரிந்துகொண்டுதான் நான் அந்தச் சொல்லைச் சொல்லப்போனேன்.

கூட்டம் காலையில். விளம்பரப் பகுதி மனிதர் ஒரு பக்கம், ஜெசிந்தா எனக்கு நேர் எதிரே. ரெனே வழக்கம்போல யன்னலோரம். தாளைக் கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டு வந்து, அதே இடத்தில் நின்று, என்னைப் பார்த்தார்.

"பாலன், பாரிஸ் கைப்பைக்குப் போட்ட இந்த நிறை பாதுகாப்புக்காகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் வாயில் ஓம் வந்து நின்றது. ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசுத் தாள் அவளுக்கு முன்னால் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். நான் ஓம் என்றால் அவள் தலையாட்டுவாள், அது நிச்சயம். தலையாட்டிவிட்டு வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருப்பாள். நத்தாருக்குத் தொதல் கொண்டுவருவாள். என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவளுக்குத் தெரியும், எண்ணெய்க் கணக்கில் பொய் சொன்ன மனிதன் நான் என்று. ரெனேக்குத் தெரிந்தால் தாங்கலாம். விளம்பரப் பகுதிக்குத் தெரிந்தால் எனக்கு ஒரு சதத்துக்கும் கவலை இல்லை. இவளுக்குத் தெரிந்திருப்பதை மட்டும் என்னால் தாங்கமுடியாது. பிரெஞ்சில் அவள் என்னை வென்றாள், ரெனேயிடம் வென்றாள், என் சொந்தச் சனத்தின் பையிலும் வென்றாள். நேர்மையிலும் அவள் எனக்கு மேலே நிற்கப்போகிறாளா? விடமாட்டேன்!

"இல்லை," என்றேன். "பாதுகாப்புக்கு இல்லை. ஒரு காலத்தில் எங்கட சனத்தின்ர பை பாரம். இப்ப இல்லை. நானும் போய்த் தூக்கிப் பார்த்தனான். ஜெசிந்தாவிட்ட நிறுத்த கணக்கு இருக்கு, அவவிட்ட கேளுங்கோ."

இதை நான் பிரெஞ்சில்தான் சொன்னேன், என் உடைந்த பிரெஞ்சில். ரெனே தாளை யன்னல் கட்டில் வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார். அந்தத் தராசுக் கணக்கை எப்படி எடுத்தது, எந்தப் பருவத்தில் எடுத்தது, நான் கையில் தூக்கியபோது என்ன கண்டேன் என்று எங்கள் இருவரையும் கேள்விமேல் கேள்வி கேட்டார். முடிவு அரைமணி நேரத்தில் வந்தது. கலியாணப் பாரத்தை எடுப்பது. போன பருவத்துக்குரிய பாரிஸ் எண் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் ஒன்றும் மழுப்பாமல் அப்படியே கொடுத்து லேபலில் சேர்வது. அடுத்த வருடம் குறைந்தால் அது சனத்துக்குத் தானாகத் தெரியும் என்றார் ரெனே. விளம்பரப் பகுதி மனிதர் தன் தாள்களை அடுக்கிக்கொண்டு எழும்பினார். லேபல் மேசைக்கு ஜெசிந்தா பொறுப்பு.

முதல் வருடம் அந்த எண்ணைப் பார்த்து மற்றக் கம்பெனிக்காரர் சிரித்தார்கள் என்று கேள்வி. அடுத்த வருடம் பாரிஸ் லிஸ்பனோடு சமமாக வந்து நின்றது. சிரித்த கம்பெனிகளில் ஒன்று இப்போது தானும் சேர்ந்திருக்கிறது. இதைப் பற்றிப் பேச ஜெசிந்தாவை ஐரோப்பாவுக்குக் கூப்பிட்டார்கள், படம் பிடித்தார்கள். அந்தப் படத்தை மனோ தன் போனில் வைத்திருக்கிறாள். நான் அடுத்த பனிக்காலத்தில் ஓய்வு பெற்றேன். எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள், நல்ல கேக்தான்.

கூட்டம் முடிந்த அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் மாடிப்படியால் இறங்கிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"பாதுகாப்புக்கு எண்டு நீங்க ஒரு சொல்லுச் சொல்லி இரிந்தாலும் நான் ஒண்டும் கதைச்சிரிக்க மாட்டன் அண்ணன்."

"தெரியும்," என்றேன். "அதாலதான் சொல்லேல்ல."

அவள் அதை என் பெரிய மனம் என்று எடுத்துக்கொண்டாள். படியில் நின்று அழுதாள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறாளாம்: பாலன் அண்ணன் தனக்காக விட்டுக்கொடுத்தாராம், அப்படி ஒரு மனிசனைக் காணக்கிடையாதாம். நான் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, பிள்ளைகளே. இதை அவளுக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம். காட்டினாலும் அவள் நம்பமாட்டாள். பாலன் அண்ணன் தன்னைத் தாழ்த்தி எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று அதற்கும் என்னைத்தான் புகழுவாள்.